அண்ணாச்சியிடம் கேளுங்கள்: பார்பரெஸ்கோ சீட்டும் நம்ம கருப்பட்டியும்

போன இதழில் இத்தாலியின் பார்பரெஸ்கோ என்ற மலையூரைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். 2019 அக்டோபரில் மகளின் பேறுகாலத்துக்காக தூரின் நகரத்துக்குப் போயிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகன் என்னைக் காரில் அழைத்துப்போய் அந்த ஊரைக் காட்டினார். திராட்சை போடுகிற சிறு விவசாயிகளே ஒன்றுசேர்ந்து அங்கே அறுபது வருடத்துக்கு மேலாக ஒரு ஒயின் சாலை, அதாவது ஒயின் செய்கிற கூடம், நடத்துகிறார்கள். ‘புரொதுத்தோரி தெல் பார்பரெஸ்கோ’ என்று பெயர். பார்பரெஸ்கோ உற்பத்தியாளர்கள் என்பதுதான் பொருள். நான் எழுதியது அவ்வளவுதான். இருபத்தெட்டு வருடம் பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதியவன் என்பதால் அந்தச் சாலை என் மனதை விட்டுப் போகவில்லை. உங்கள் கடிதங்களைப் பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் என்று தெரிகிறது. இந்த மாதம் முழுக்க அதே பேச்சாக இருக்கட்டும்.

எங்கப்பா பனையேறி. எங்க ஊரிலும் சங்கம் இருந்தது அண்ணாச்சி. இப்போது பூட்டு துருப்பிடித்துக் கிடக்கிறது. அவர்களால் மட்டும் அறுபது வருடம் எப்படி நடத்த முடிகிறது?
*— திசையன்விளையிலிருந்து ஒரு தம்பி*

தம்பி, நான் அந்த ஊர்ச் சாலை வாசலில் இறங்கும்போது என் மனதில் இருந்ததும் இதே கேள்விதான். அங்கே நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன்.

அறுவடை நேரம். காலை ஒன்பது மணிக்கும் மூடுபனி விலகவில்லை. அந்தத் திராட்சைக்கே நெப்பியோலோ என்று பெயர். அவர்கள் மொழியில் மூடுபனிக்கு ‘நெப்பியா’ என்பார்கள், அதிலிருந்து வந்தது என்று சொல்கிறார்கள். சின்ன டிராக்டரில் பெட்டி பெட்டியாகத் திராட்சையோடு ஒரு பெரியவர் வந்தார். என் வயதுதான் இருக்கும். பெட்டிகளை எடைமேடையில் ஏற்றினார்கள். சாறு கொஞ்சம் எடுத்து அதில் எவ்வளவு இனிப்பு இருக்கிறது என்று கருவியில் பார்த்தார்கள். எடை, இனிப்பு, எந்த வயல் என்று எல்லாம் அச்சடித்த ஒரு சீட்டு அவர் கைக்கு வந்தது. அவர் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். யாரும் யாரிடமும் சத்தம் போடவில்லை.

அந்தச் சீட்டில்தான் எல்லாம் இருக்கிறது, தம்பி. அங்கே எல்லாருக்கும் ஒரே விலை கிடையாது. நல்ல பழம் கொண்டுவந்தவருக்குக் கூடுதல் விலை, சுமாரான பழத்துக்குக் குறைச்சல். அதோடு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. உறுப்பினராகச் சேர்ந்தவர் தன் நெப்பியோலோ முழுவதையும் சாலைக்கே கொடுக்க வேண்டும். நல்லதை வெளியே விற்றுவிட்டு மிச்சத்தைச் சங்கத்தில் தள்ளுவதற்கு இடமில்லை.

இப்போது நம்ம கதை. நான் வேலை பார்த்த சங்கத்தின் பெயர் வேண்டாம். ஒரு சித்திரை மாதம், ஒரு அம்மா ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி கொண்டுவந்தார். தட்டினால் கணீர் என்று சத்தம் வரும். உடைத்தால் உள்ளே நல்ல கருஞ்சிவப்பு. பக்கத்தில் நின்றவர் கொண்டுவந்ததில் சீனி கலந்திருந்தது. வெளுப்பு நிறம், கையில் எடுத்தாலே தெரிந்தது. எங்கள் விதிப்படி எல்லாக் கருப்பட்டிக்கும் கிலோவுக்கு ஒரே விலை. இரண்டு பேருக்கும் ஒரே விலையைப் பேரேட்டில் எழுதினேன். அந்த அம்மா பக்கத்துப் பெட்டியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மறு வாரம் அவர் வரவில்லை. அவர் கருப்பட்டி வியாபாரி கடைக்குப் போயிற்று. அடுத்தடுத்த வருடங்களில் நல்ல கருப்பட்டி காய்ச்சுகிறவர்கள் ஒவ்வொருவராக அப்படிப் போனார்கள். கடைசியில் சங்கத்துக்கு வந்ததெல்லாம் வேறு எங்கும் விலைபோகாத சரக்கு. அதை வாங்க யார் வருவார்கள்?

வியாபாரி முன்பணம் கொடுத்தார், நாங்கள் கொடுக்கவில்லை என்பதும் உண்மை. மாசியில் பனை ஏறத் தொடங்கும் முன்பே வீட்டுச் செலவுக்குப் பணம் வேண்டும். பார்பரெஸ்கோவிலும் பணம் உடனே வந்துவிடாது. அந்த ஒயினைச் சட்டப்படி குறைந்தது இருபத்தாறு மாதம் வைத்திருந்துதான் விற்க முடியும். இத்தாலியின் கூட்டுறவுச் சாலைகளில் விவசாயிக்குப் பணம் தவணை தவணையாகப் போகும். தனக்கு எவ்வளவு வர வேண்டும் என்று சட்டைப்பையில் சீட்டு இருப்பதால் அவர் பொறுத்துக்கொள்கிறார். எங்களிடம் பொறுத்திருக்கச் சொல்ல என்ன இருந்தது? அந்த அம்மாவின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

பெரிய மனிதர் யாராவது முன்னால் நின்றால்தான் இப்படி ஒரு சங்கம் நடக்குமா? நம்ம ஊரில் அப்படி ஆள் இல்லையே.
*— அம்பாசமுத்திரத்திலிருந்து ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர்*

ஐயா, அந்த ஊரில் இது இரண்டு தடவை நடந்தது. அதைச் சொன்னால் உங்களுக்கே விளங்கும்.

முதல் தடவை 1894-இல். பக்கத்து நகரமான அல்பாவில் ஒயின் தொழில் சொல்லிக்கொடுக்கும் அரசுப் பள்ளி இருந்தது. அதன் தலைமையாசிரியர் தொமித்சியோ கவாத்சா பார்பரெஸ்கோவில்தான் குடியிருந்தார். அதுவரை அந்த ஊர்த் திராட்சைக்குத் தனிப் பெயர் கிடையாது. பக்கத்து பரோலோ ஒயின் செய்கிறவர்களுக்கு விற்றுவிடுவார்கள், இல்லாவிட்டால் வெறும் நெப்பியோலோ என்று போகும். கவாத்சா ஒன்பது திராட்சைத் தோட்டக்காரர்களைச் சேர்த்துத் தன்னுடைய கோட்டை வீட்டிலேயே ஒயின் செய்யத் தொடங்கினார். பார்பரெஸ்கோ என்ற பெயரில் ஒயின் அப்படித்தான் பிறந்தது. ஆனால் பாசிச ஆட்சிக் காலத்தின் பொருளாதாரக் கெடுபிடியில் அந்தச் சங்கத்தை மூட வேண்டியதாயிற்று. விவசாயிகள் மறுபடி தரகர் சொன்ன விலைக்குப் போய் நின்றார்கள். உலகப் போரும் வந்தது. அப்புறம் பிள்ளைகள் மலையை விட்டு இறங்கித் தூரின் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். நம்ம பிள்ளைகள் தூத்துக்குடிக்கும் சென்னைக்கும் பம்பாய்க்கும் போனது போலத்தான்.

இரண்டாவது தடவை 1958-இல். இந்த முறை ஊர்ச் சாமியார், அதாவது கோயில் பங்குத்தந்தை. தனித்தனியாக நின்றால் சிறு விவசாயி பிழைக்க வழியில்லை என்று கண்டு பத்தொன்பது பேரைக் கூட்டினார். கட்டடம் இல்லை. முதல் மூன்று வருட ஒயினைக் கோயிலுக்கு அடியில் இருந்த நிலவறையில்தான் செய்தார்கள். பிறகு கோயிலுக்கு எதிரே, சதுக்கத்தின் அந்தப் பக்கம் சாலையைக் கட்டினார்கள். இன்றும் அது அங்கேதான் இருக்கிறது. கோயில் வாசலில் நின்று பார்த்தால் கூப்பிடு தூரம்.

ஆகவே ஐயா, கூட்டுவதற்கு ஒருவர் வேண்டும், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அவர் பணக்காரராக இருக்க வேண்டியதில்லை. ஒருவர் வாத்தியார், ஒருவர் சாமியார். இருவரையும் ஊர் நம்பியது. ஒரு ஊரில் வீடு வீடாகப் போய்க் கடிதம் கொடுத்தவரை விட ஊர் நம்புகிற ஆள் வேறு யார் இருக்கிறார்கள்?

குடியால் எத்தனை குடும்பம் அழிகிறது என்று தெரிந்தும் ஒயின் சாலையைப் புகழ்ந்து எழுதலாமா? என் மாணவர்களும் இந்தப் பத்திரிகையை வாசிக்கிறார்கள்.
*— பாளையங்கோட்டையிலிருந்து ஒரு ஆசிரியை*

டீச்சர், உங்கள் கோபம் நியாயம். நான் குடிப்பதில்லை. அந்தச் சாலையிலும் வாயில் வைக்கவில்லை. யாரும் வற்புறுத்தவும் இல்லை. 2024-இல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் என்ற விஷம் கலந்த கள்ளச்சாராயத்தால் அறுபது பேருக்கு மேல் செத்துப்போனதைப் பார்த்த பிறகு நம்ம ஊரில் எவருக்கும் குடியைப் பற்றி லேசாகப் பேச வாய் வராது.

ஆனால் அதே மெத்தனால் இத்தாலியிலும் கொன்றிருக்கிறது. 1986-இல் மலிவு ஒயினில் போதை கூட்டுவதற்காக மெத்தனாலைக் கலந்து விற்றார்கள். இருபது பேருக்கு மேல் இறந்தார்கள், சிலருக்குக் கண் போயிற்று. கலப்படம் செய்த வியாபாரிகளில் பார்பரெஸ்கோ இருக்கிற அதே பியமோந்தே மாநிலத்துக்காரர்களும் உண்டு. இத்தாலி ஒயின் என்றாலே வெளிநாட்டில் திருப்பி அனுப்பினார்கள். ஒரு தப்பும் செய்யாத விவசாயியின் பழமும் விலைபோகவில்லை. அதற்குப் பிறகுதான் அந்த நாட்டில் கண்காணிப்பு இறுகியது, எவ்வளவு விளைகிறது என்பதை விட எப்படி விளைகிறது என்று பார்க்கிற எண்ணமும் வலுத்தது.

பிள்ளைகள் இதை வாசித்தால் குடிக்கக் கற்றுக்கொள்ள மாட்டார்கள் டீச்சர். யாரோ ஒருவன் செய்த கலப்படம் ஒரு ஊரையே எப்படிப் பட்டினி போடும் என்று தெரிந்துகொள்வார்கள். பனையை நம்பிய நம்ம பிள்ளைகளுக்கு அது தெரிய வேண்டும். 1987-இலிருந்து கள்ளுக்குத் தடை இருப்பதால் நமக்கு மிஞ்சியது பதனீரும் கருப்பட்டியும்தான். அந்தப் பெயரும் கெட்டுப்போனால் அப்புறம் என்ன மிச்சம்?

அண்ணாச்சி, அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?
*— முக்கூடலிலிருந்து ஒரு அக்கா*

மகள் வீட்டில் சோறும் குழம்பும்தான். ஆனால் ஒருநாள் பக்கத்து வீட்டில் ‘பாஞ்ஞா காவ்தா’ கொடுத்தார்கள். பூண்டையும் உப்பு போட்ட நெத்திலியையும் ஒலிவ எண்ணெயில் கரையக் காய்ச்சி, சூடாக இருக்கும்போதே காய்கறியைத் தோய்த்துத் தின்பது. கடலே இல்லாத மலைநாட்டில் நெத்திலியா என்று கேட்டேன். அந்தக் காலத்தில் உப்பு வியாபாரிகள் மலைப்பாதை வழியாகக் கொண்டுவந்து பழக்கியதாம். நம்ம நெத்திலிக் கருவாட்டு அவியல் நினைப்பு வந்து கண் கலங்கிவிட்டது. எங்க வீட்டம்மா இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள்.

எனக்கு இரண்டரை ஏக்கர் ஏத்தன் வாழை. மலையாள வியாபாரி தோட்டத்துக்கே வந்து தார் பார்த்து விலை சொல்வார். அவர் சொன்னதுதான் விலை. நீங்கள் சொல்வது திராட்சைக்குச் சரி, வாழைக்கு ஆகுமா?
*— களக்காட்டிலிருந்து ஒரு விவசாயி*

ஆகும் என்றுதான் நான் நம்புகிறேன். அங்கேயும் உங்களைப் போன்றவர்கள்தான். ஐம்பது குடும்பத்துக்குச் சற்று மேலே, நூறு ஹெக்டேருக்குச் சற்று மேலே நிலம். வகுத்துப் பாருங்கள், வீட்டுக்கு ஐந்து ஏக்கர் வரும். நிலத்தை யாரும் சங்கத்துக்கு எழுதிக் கொடுக்கவில்லை. அவரவர் தோட்டம் அவரவருக்கே, கொத்துவதும் கவாத்து பண்ணுவதும் அவரவர் பாடு. பழம் பறித்த பிறகுதான் கூட்டு.

இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, கூட விளைவித்துக் கூடச் சம்பாதிப்பது என்ற கணக்கே அங்கே இல்லை. பார்பரெஸ்கோ என்று பெயர் போட வேண்டுமானால் ஹெக்டேருக்கு எட்டு டன்னுக்கு மேல் பழம் எடுக்கக் கூடாது என்று சட்டம். நம்ம கணக்கில் ஏக்கருக்கு மூன்றேகால் டன். கோடையில் நல்ல பச்சைக் குலைகளையே வெட்டி மண்ணில் போடுவார்கள், மிச்சக் குலை நன்றாகத் தேறட்டும் என்று. கேட்கும்போது எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் நீங்களும் தார் தேற வேண்டுமென்று பக்கக்கன்றை வெட்டுகிறீர்கள், பூவை ஒடிக்கிறீர்கள். அதே அறிவுதான்.

இரண்டாவது, பெயர். அந்தச் சாலை எல்லாருடைய பழத்தையும் சேர்த்து ஊர்ப் பெயரில் ஒரு ஒயின் செய்கிறது. நல்ல வருடங்களில் அதோடு சேர்த்து ஒன்பது வயல்களின் பெயரில் தனித்தனியாகவும் செய்கிறது. அஸீலி, ரபயா, ஒவெல்லோ, மோந்தெஸ்தெஃபனோ என்று அந்த மேட்டு நிலங்களுக்குப் பெயர். பருவம் சரியில்லாத வருடம் தனிப் பெயர் போட மாட்டார்கள். அந்தப் பழமும் ஊர் ஒயினிலேயே சேர்ந்துவிடும். அதனால் ஊர்ப் பெயர் கெட்ட வருடத்திலும் கெடுவதில்லை.

நம்ம பக்கமும் வயலுக்குப் பெயர் உண்டு. மேலப்பத்து, கீழப்பத்து, கோயில்பத்து என்று பத்துப் பத்தாகப் பிரித்து, எந்தப் பத்தில் வாழை தித்திக்கும், எதில் தார் பருக்கும் என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். அந்த அறிவு லாரியில் ஏறும்போது காணாமல் போகிறது. களக்காட்டு மலையடிவாரத்து ஏத்தன் கேரளத்தில் சிப்ஸாக விற்கும்போது களக்காடு என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா? பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, தாரை எடைபோட்டுத் தரம் பிரித்துச் சீட்டு எழுதி, ஊர்ப் பெயர் குத்தி அனுப்பிப் பாருங்கள். முதல் வருடம் வியாபாரி கோபித்துக்கொண்டு வராமல் இருப்பார். அந்த ஒரு வருடத்தைத் தாங்கக் கையில் கொஞ்சம் பணம் சேர்த்துக்கொண்டு இறங்குங்கள். பணமில்லாமல் இறங்க வேண்டாம், இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

நான் திராட்சை போடலாமா?
*— சங்கரன்கோவிலிலிருந்து ஒரு இளைஞர்*

முதலில் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போய் நாலு நாள் இருந்து பாருங்கள், தம்பி. அங்கே விளைகிற பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இத்தாலியில் குளிரில் கொடி இலை உதிர்த்துத் தூங்கும், வருடத்துக்கு ஒரு மகசூல்தான். நம்ம வெயிலில் கொடி தூங்காது, வெட்டி வெட்டித்தான் காய்க்க வைக்க வேண்டும். பந்தல் செலவு, மருந்துச் செலவு எல்லாம் உண்டு. பார்பரெஸ்கோவிலேயே திராட்சையை எல்லா இடத்திலும் வைப்பதில்லை. தெற்குப் பார்த்த, வெயில் விழுகிற சரிவில் மட்டும் நெப்பியோலோ. நிழல் சரிவில் ஹேசல் கொட்டை மரம். மண் எதைக் கேட்கிறதோ அதை. உங்கள் மண் எலுமிச்சை கேட்டால் எலுமிச்சையே வையுங்கள்.

கருப்பட்டியில் சீனி கலப்பதை எப்படித்தான் நிறுத்துவது? சுத்தமாகக் காய்ச்சுகிற எங்களுக்கு அந்த விலை கட்டுப்படி ஆகவில்லை. அங்கே இப்படி ஏமாற்று இல்லையா?
*— உடன்குடியிலிருந்து ஒரு தங்கச்சி*

அங்கேயும் ஆசை உண்டு, தங்கச்சி. திராட்சையில் இனிப்புக் குறைந்தால் ஒயினில் வீரியம் குறையும். சாற்றில் சீனி போட்டால் சுலபமாகக் கூடிவிடும். வேறு சில நாடுகளில் அதற்கு அனுமதியே இருக்கிறது. இத்தாலியில் சட்டப்படி கூடாது. அதைப் பிடிக்க ஒரு வழியும் வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு உபயோகப்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கரும்பு வளர்கிற விதம் வேறு, திராட்சை வளர்கிற விதம் வேறு. காற்றிலுள்ள கரியை, அதாவது கார்பனை, இரண்டும் வேறு வேறு முறையில் எடுத்துக்கொள்கின்றன. அதனால் அவற்றின் சர்க்கரையில் கனமான கரி அணுவும் லேசான கரி அணுவும் இருக்கிற விகிதம் மாறும். நாக்குக்குத் தெரியாது, ஆய்வகக் கருவிக்குத் தெரியும். நம்ம நாட்டிலேயே தேனில் கரும்புச் சீனி கலந்திருக்கிறதா என்று பார்க்க இந்தச் சோதனை நடக்கிறது. பனையும் திராட்சை சேர்ந்த கூட்டம்தான், கரும்பின் கூட்டம் இல்லை. ஆகவே பனங்கருப்பட்டியில் கரும்புச் சீனி கலந்தால் அதே வழியில் பிடித்துவிடலாம். கருப்பட்டிக்கும் இந்தச் சோதனை கட்டாயம் வேண்டும் என்று உங்கள் ஊர்ப் பெண்கள் சேர்ந்து மனுக் கொடுங்கள். எழுத ஆள் வேண்டுமானால் நான் வருகிறேன்.

பார்பரெஸ்கோவில் ஆய்வகம் மட்டும் காவல் இல்லை. ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் எண் போட்ட அரசுப் பட்டை ஒன்று ஒட்டியிருக்கும். எத்தனை ஒயினுக்கு அனுமதியோ அத்தனை பட்டைதான் வரும். எட்டு டன் வரம்பு அங்கே வந்து இடிக்கும். நம்ம கணக்கும் அப்படி முடியும். ஒரு பனை ஒரு நாளைக்கு எவ்வளவு பதனீர் தரும், அதிலிருந்து எத்தனை சிரட்டைக் கருப்பட்டி வரும் என்று உங்கள் வீட்டு ஆண்களுக்கும் பதனீர் காய்ச்சுகிற விடிலியில் நிற்கிற உங்களுக்கும் தெரியும். முப்பது பனை ஏறுகிறவர் அறுபது பனைக் கருப்பட்டி கொண்டுவந்தால் எடைமேடையிலேயே கேட்டுவிடலாம். கேட்கிறவருக்குத் தைரியம் வேண்டும். எனக்கு அன்று அது இல்லை.

இந்த வருடம் பங்குனியில் இனிப்பு பார்க்கிற கைக்கருவி ஒன்று வாங்கினேன். சாண் நீளம்தான், ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் அளவு தெரியும். சீனியா பனையா என்று அது சொல்லாது, எவ்வளவு இனிப்பு என்று மட்டும்தான் சொல்லும். விடியற்காலையில் எங்க ஊர் விடிலிக்குப் போய், கலயத்தில் இருந்து வடிகட்டிய பதனீரை ஒவ்வொருவருடையதாகப் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். பன்னிரண்டை ஒட்டித்தான் பெரும்பாலும் இருந்தது. ஒருவருடையது பதினான்கு. அவர் சீட்டை வாங்கி இரண்டு தடவை வாசித்தார். அப்புறம் மடித்துத் தலைப்பாகைக்குள் செருகிக்கொண்டார். நீங்களும் வருகிற பருவத்தில் ஒரு சனிக்கிழமை வாருங்கள், தங்கச்சி. வரும்போது உங்கள் கருப்பட்டியில் ஒன்று கொண்டுவாருங்கள், தட்டிப் பார்க்க வேண்டும்.